நண்பர் இல்லத்தில் கண்ட ஜப்பான்

ஒரு நாட்டை விடுதியில் தங்கிக் காண்பது ஒரு முறை. அந்நாட்டார் ஒருவரின் இல்லத்தில் தங்கிக் காண்பது மற்றொரு முறை. விடுதியில் தங்குவோர்க்கு வேண்டியன எல்லாம் கேளாமலே வந்து சேரும். ஆயின் அவை எவ்வாறு வந்தன என்பது தெரியாது. இல்லத்தில் தங்குவோரோ, அடுப்பு எரிவதையும், குப்பை வெளியே போவதையும், அண்டை வீட்டார் வந்து பேசிச் செல்வதையும் கண்ணாரக் காண்பர். ஜப்பான் நாட்டு யோகோஹாமா நகரில் வாழும் நண்பர் ஒருவர் தம் இல்லத்துக்கு என்னை அழைத்திருந்தார். அங்குச் சில நாள் தங்கியபொழுது கண்டவற்றையும், அவற்றுக்கு அவர் கூறிய காரணங்களையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். புதிய நாட்டின் வழக்கங்கள் முதற் பார்வைக்கு வேடிக்கையாகத் தோன்றும். காரணம் தெரிந்தபின் வேடிக்கை மறைந்து மதிப்பு உண்டாகும்.

விரலும் வாயும்

டோக்கியோவின் ஹானெதா விமான நிலையத்திலிருந்து யோகோஹாமாவுக்கு ரயிலில் ஏறக்குறைய அரைமணி நேரப் பயணம். ஜப்பானின் முதல் இருப்புப்பாதை 1872-ஆம் ஆண்டில் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. நம் நாட்டில் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதற் பயணி ரயில் 1853-இல் ஓடியது. ஆகவே ரயில் துறையில் நாம் அவர்களுக்குப் பத்தொன்பது ஆண்டு மூத்தவர்கள்.

பெட்டியில் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனால் பேச்சொலி இல்லை. கைபேசிகள் எல்லோர் கையிலும் இருந்தன; ஒன்றும் ஒலிக்கவில்லை. வண்டியின் முன்பெட்டியில் நின்றால் ஓட்டுநரைக் கண்ணாடி வழியே காணலாம். அவர் வெள்ளைக் கையுறை அணிந்த விரலால் கைகாட்டியைச் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லுகிறார். அவரருகில் கேட்பார் யாருமில்லை. இது என்ன விந்தை என்று எவரும் நினைப்பர். காரணம் எளிது. கண் மட்டும் பார்த்தால் மனம் வேறெங்கோ இருக்கக்கூடும். கை சுட்ட வேண்டும், வாய் சொல்ல வேண்டும், சொன்னதைத் தன் செவியே கேட்க வேண்டும் என்றால், மனம் அவ்விடத்தை விட்டு நகர இயலாது. ஜப்பானிய ரயில்வே ஆராய்ச்சி நிலையம் 1994-இல் நடத்திய சோதனையில், இம்முறையைக் கைக்கொண்டபொழுது பிழைகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. செலவில்லாத இம்முறையை ஆலைகளிலும் கட்டடப் பணிகளிலும் இன்று கையாளுகிறார்கள்.

படியும் பாயும்

நண்பரின் இல்லம் குன்றின் சரிவில் அமைந்த சிறு மரவீடு. கதவைத் திறந்ததும் தெருமட்டத்தில் ஒரு சிறிய இடம் உள்ளது. அதனைக் கென்கான் என்பர். அதற்கப்பால் ஒரு படி உயரத்தில் வீடு தொடங்குகிறது. காலணியைக் கீழே கழற்றி மேலே ஏற வேண்டும். காலணியைக் கழற்றிவிட்டு இல்லம் புகுவது நமக்கும் பழக்கமே. ஆயினும் எது வெளி, எது உள் என்பதற்கு நம் வீடுகளில் திட்டமான கோடு இல்லை. திண்ணை இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. ஜப்பானியர்க்கு அந்தப் படியே கோடு. கழற்றிய காலணிகளின் முனையை வாசலை நோக்கித் திருப்பி வைக்கிறார்கள். புறப்படும்பொழுது நேரே கால் நுழைத்துச் செல்லலாம். இவ்வழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

உள்ளே நடைவழிக்கு ஒரு மென்செருப்பு. கழிப்பறைக்கு வேறொரு செருப்பு. பாய் பதித்த அறையிலோ செருப்பே கூடாது. அப்பாய்க்குத் தத்தாமி என்று பெயர். வைக்கோலை இறுக்கித் தைத்த அடிப்பகுதியின்மீது, இகுசா என்னும் கோரை போன்ற புல்லால் நெய்த விரிப்பைப் போர்த்தி இதனைச் செய்வது பழைய முறை. நீளம் ஏறக்குறைய 180 சென்டிமீட்டர். அகலம் அதிற் பாதி. கனம் ஐந்தாறு சென்டிமீட்டர். நாம் பாயை விரித்துப் படுத்து, எழுந்ததும் சுருட்டி வைக்கிறோம். அவர்கள் பாயையே தரையாக்கிவிட்டனர். அறையின் அளவைக்கூடப் பாயின் கணக்கில் சொல்லுகிறார்கள்: ஆறு பாய் அறை, நாலரைப் பாய் அறை என்பது வழக்கு.

இரவில் அவ்வறையில் மெத்தை விரிக்கப்படும். காலையில் அது மடிக்கப்பட்டு, ஒஷீரே எனப்படும் சுவர் அலமாரிக்குள் போய்விடும். படுக்கையறை பகலில் கூடமாகும்; உணவு வேளையில் ஒரு தாழ்ந்த மேசை வந்தால் அதுவே உண்ணும் அறை. ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு; அதிற் பெரும்பகுதி மலை. எஞ்சிய குறுகிய சமவெளியில் நகரம், வயல், ஆலை, சாலை எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே ஓர் அறையை மூன்றாகப் பயன்படுத்தும் கலை அங்கு வளர்ந்தது. அவ்வறையின் ஒருபுறத்தில் தொகொனோமா என்னும் சிறு மாடம் உண்டு. அதில் ஓர் எழுத்தோவியச் சுருளும், ஒரு பூச்சாடியும் மட்டும் இருக்கும். விருந்தினரை அம்மாடத்தின் அருகே அமர்த்துவது மரியாதை.

சொல்லும் சொல்லாமையும்

ஜப்பானிய மொழியைக் கேட்கும் தமிழர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. “நான் நேற்று யோகோஹாமாவுக்கு வந்தேன்” என்பதை அவர்கள் “வதாஷி வா கினோ யோகோஹாமா நி கிமாஷிதா” என்பர். சொற்கள் ஒன்றும் நம்முடையவை அல்ல. ஆனால் வரிசை நம்முடையதே. எழுவாய் முன்னும் வினை முடிவிலும் நிற்கின்றன. நம் நான்காம் வேற்றுமை உருபைப் போல ‘நி’ என்னும் இடைச்சொல் பெயரின் பின்னே ஒட்டுகிறது. இவ்வொற்றுமையைக் கொண்டு, ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ இருமொழிக்கும் உறவுண்டு என்று பல்லாண்டு வாதிட்டார். மொழியியல் அறிஞரிற் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. கொரிய மொழியும் துருக்கிய மொழியும்கூட இவ்வமைப்பையே உடையன என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத தொடர்பு வேறொன்று உண்டு. ஜப்பானிய அசையெழுத்துகளை அ, இ, உ, எ, ஒ என்றும், பின்னர்க் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்றும் வரிசைப்படுத்துகிறார்கள். புத்த சமயத்தோடு சென்ற வடமொழி எழுத்துப் பயிற்சியின் பயன் இது. நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் பெரும் புத்தர் சிலைக்கு 752-ஆம் ஆண்டில் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. அவர் தென்னிந்தியாவிலிருந்து சென்றவர் என்று கூறுவர்.

சொல்வதைப் போலவே சொல்லாமையும் அங்கு ஒரு மொழி. ‘இல்லை’ என்று நேரே மறுப்பது முரட்டுத்தனமாகக் கருதப்படும். ‘சொத்தோ’ என்றால் ‘சற்று’ என்பது பொருள். ஒன்றைக் கேட்டதற்கு விடையாக ‘அது சற்று...’ என்று இழுத்து நிறுத்தினால், முடியாது என்று அறிந்துகொள்ள வேண்டும். நாம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லி ஒன்றைத் தள்ளிவைப்பதில்லையா? அதனோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். அன்பளிப்பை இரு கையாலும் நீட்டவேண்டும்; பெறுவோரும் இரு கையாலும் பெறுவர். பெற்றவுடன் பிரித்துப் பார்ப்பதில்லை. கொடுத்தவர் முகத்துக்கு எதிரே அதன் மதிப்பை எடைபோடுவது போலாகும் என்ற தயக்கமே காரணம். நான்கு பொருள்களாகக் கொடுப்பதையும் தவிர்ப்பர்; நான்கைக் குறிக்கும் ‘ஷி’ என்னும் ஒலியே சாவையும் குறிக்கிறது.

உணவும் நீரும்

உண்ணத் தொடங்குமுன் எல்லோரும் ‘இதாதக்கிமாஸ்’ என்பர். ‘பணிந்து பெற்றுக்கொள்கிறேன்’ என்பது அதன் கருத்து. உண்டு முடித்தபின் ‘கொச்சிசோசமா’ என்பர். இச்சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு ‘ஓடித் திரிதல்’ என்பது பொருள். விருந்தினர்க்கு வேண்டியவற்றைத் தேடி ஓடியவரின் உழைப்பை நினைத்துச் சொல்லும் நன்றி அது. குச்சிகளால் உண்ணும்பொழுது இரண்டு செயல்கள் ஆகா. சோற்றில் குச்சிகளை நட்டு நிறுத்தலாகாது. ஒருவர் குச்சியிலிருந்து மற்றொருவர் குச்சிக்கு உணவை மாற்றலாகாது. முன்னது இறந்தோர்க்குச் சோறு படைக்கும் முறை. பின்னது எரியூட்டிய பின் எலும்பெடுக்கும் முறை.

மரக்கறி உண்போர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். ஜப்பானியச் சமையலின் உயிர் ‘தாஷி’ எனப்படும் சாறு. அது பெரும்பாலும் காய்ந்த சூரை மீனின் சீவலாலும் கொம்பு என்னும் கடற்பாசியாலும் ஆக்கப்படுவது. நம் கடற்கரை ஊர்களில் மாசிக் கருவாடு என்பதற்கு அச்சூரைக் கட்டி நெருங்கிய உறவு. ஆகவே, கண்ணுக்குக் காய்கறியாகத் தோன்றும் கறியிலும் மீன்சாறு இருக்கக்கூடும். நண்பரின் துணைவியார் எனக்காகக் கடற்பாசியும் காய்ந்த காளானும் ஊறவைத்துத் தனிச்சாறு வடித்தார். புத்த மடங்களில் இன்றும் வழங்கும் சைவச் சமையல் முறை அதுவே.

உணவுக்கு முன்போ பின்போ இரவில் வெந்நீரில் அமர்வது அவர்கள் வழக்கம். உடலைத் தேய்த்துக் கழுவுவதெல்லாம் தொட்டிக்கு வெளியே முடிந்துவிட வேண்டும். தூய உடலோடு, நாற்பது பாகை அளவு சூடுள்ள நீரில் கழுத்தளவு அமர்வார்கள். வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அதே நீரில் அமர்வர். முதல் முறை விருந்தினர்க்கு உரியது. நண்பர் வீட்டில் அந்நீரை இரவே வெளியேற்றுவதில்லை. காலையில் துணி துவைக்கப் பயன்படும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், இரவில் நிலம் நடுங்கிக் குழாய் நீர் நின்றுபோனால் கழிப்பறைக்கேனும் உதவும் என்பது.

முதற் பாடம்

இவ்விடத்தில்தான் ஜப்பானிய இல்லத்தின் உட்பொருள் எனக்கு விளங்கத் தொடங்கியது. நான் சென்ற அன்று மாலை, உணவுக்கு முன்னரே, நண்பர் என்னை அழைத்துச் சென்று சில பொருள்களைக் காட்டினார். படுக்கையருகே ஒரு கைவிளக்கு. கண்ணாடி உடைந்து சிதறினால் கால் காக்க ஒரு காலணி. வாசலருகே தோளில் மாட்டும் பை ஒன்று. அதனுள் நீர், உலர் உணவு, மருந்து, கையால் சுழற்றி மின்னூட்டும் சிறு வானொலி. அலமாரிகள் சாய்ந்துவிடாதபடி அவற்றுக்கும் கூரைக்கும் இடையே முட்டுக் கொடுத்திருந்தார்கள். பின்னர், நாங்கள் பிரிந்துவிட்டால் எந்தப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர வேண்டும் என்பதைத் தெருவில் நடத்திச் சென்றே காட்டினார். கென்கானில் காலணிகள் வெளியே நோக்கி நிற்பதன் பயன் அப்பொழுது தெளிவாயிற்று. விருந்தினரின் உயிர்க்கு வழி சொல்வதே அங்கு விருந்தோம்பலின் முதற் படி.

நிலநடுக்கத்தை ஜப்பானியர் இரண்டு அளவால் சொல்லுகிறார்கள். நிலத்தடியில் வெளிப்பட்ட ஆற்றலின் அளவு ஒன்று. அது எங்கும் ஒரே எண். ஓர் ஊர் எவ்வளவு அதிர்ந்தது என்பது மற்றொன்று. அது ஊருக்கு ஊர் மாறும். விளக்கின் ஆற்றல் ஒன்றே எனினும், அருகில் இருப்பார்க்கு ஒளி மிகுதியாகவும் தொலைவில் இருப்பார்க்குக் குறைவாகவும் தோன்றுவதை இதற்கு ஒப்பிடலாம். இரண்டாவது அளவு பூச்சியம் முதல் ஏழு வரை செல்லும். நான்கு வரை பொருள்கள் ஆடும்; ஆறு, ஏழு என்றால் நிற்கவே இயலாது.

2007 அக்டோபர் முதல் பொதுமக்களுக்கு முன்னெச்சரிக்கையும் தரப்படுகிறது. நடுக்கம் தோன்றியதும் இருவகை அலைகள் புறப்படுகின்றன. விநாடிக்கு ஆறேழு கிலோமீட்டர் செல்லும் முதலலை மெல்லியது. மூன்றரை, நான்கு கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடரும் இரண்டாம் அலையே வீடுகளை வீழ்த்துவது. முதலலையைக் கருவிகள் உணர்ந்ததும் வானொலியும் தொலைக்காட்சியும் கைபேசியும் ஒருங்கே ஒலிக்கின்றன. கிடைப்பது சில விநாடிகளே. நடுக்கத்தின் மையத்துக்கு அருகில் அதுவும் கிடைக்காது. எனினும், அடுப்பை அணைக்கவும் மேசையின் அடியில் தலையை மறைக்கவும் சில விநாடிகள் போதும்.

அண்டை அயலார்

குப்பை போடுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எரியும் குப்பை, நெகிழிப் பொருள், புட்டி, தாள் என வகைவகையாகப் பிரித்து, வகைக்குரிய நாளில், தெருவுக்குப் பொதுவான இடத்தில் வைக்கவேண்டும். காகம் கிளறாமல் வலையிட்டு மூடவேண்டும். யோகோஹாமா நகரம் 2003-இல் தொடங்கிய திட்டம் ஒன்றின்படி, 2010-க்குள் குப்பையை 30 விழுக்காடு குறைக்க எண்ணியது. 2005-லேயே அவ்வெல்லையை எட்டிவிட்டது. அப்பொது இடத்தைக் கூட்டும் வேலை வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செல்கிறது. அவ்வேளையில் ஒருவரையொருவர் காண்கிறார்கள். யார் நோயுற்றிருக்கிறார், எந்த மூதாட்டி தனியே இருக்கிறார் என்பதெல்லாம் அங்கே தெரிகிறது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஜப்பானியரில் 29 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்தவர்கள். ஆதலின் அது சிறு செய்தியன்று.

காலை ஆறரை மணிக்கு வானொலியில் உடற்பயிற்சி இசை ஒலிக்கும். 1928-இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. பூங்காவில் முதியோர் கூடி அதற்கேற்பக் கைகால் அசைப்பர். வராதவர் யாரெனின், வீட்டுக்குச் சென்று விசாரிப்பர். 1995 ஜனவரி 17-இல் கோபே நகர்ப் பகுதியை அழித்த நிலநடுக்கத்தில், இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டோரிற் பெரும்பாலோரை மீட்டவர்கள் குடும்பத்தாரும் அண்டை அயலாருமே. எந்த அறையில் யார் படுத்திருப்பார் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

அச்சம் சோதித்த நாள்

எனினும் அண்டை வீட்டார் என்றும் காப்பவராகவே இருந்ததில்லை. அதனையும் நண்பர் மறைக்கவில்லை. 1923 செப்டம்பர் 1-ஆம் நாள் நண்பகலுக்கு இரண்டு நிமிடம் முன்பு பெருநடுக்கம் நேர்ந்தது. பகலுணவுக்காக அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த வேளை. மரவீடுகள் சரிந்து தீப்பற்றின. டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிந்தன. ஏறக்குறைய 1,05,000 பேர் மாண்டனர். நண்பரின் பாட்டியார் அன்று பத்து வயதுச் சிறுமி. தீயினின்று தப்பிய கதையைவிட, அதன்பின் வந்த இரவுகளின் கதையையே அவர் பேரனுக்கு மிகுதியாகச் சொன்னாராம்.

செய்தித்தாள் இல்லை, தந்தி இல்லை, வானொலி அந்நாட்டில் இன்னும் தோன்றவில்லை. கொரியர்கள் கிணறுகளில் நஞ்சிடுகிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற பொய் வாய்க்கு வாய் பரவிற்று. தெருத்தோறும் காவற் கூட்டங்கள் தோன்றின. சில சொற்களைச் சொல்லச் செய்து, ஒலிப்பில் வேறுபட்டவரைக் கொன்றனர். கொரியரும் சீனரும், அயலார் என்று ஐயுறப்பட்ட ஜப்பானியருங்கூட மாண்டனர். கொல்லப்பட்டோர் ஆயிரக்கணக்கினர் என்று ஆய்வாளர் மதிப்பிடுவர்.

இன்று யோகோஹாமாவின் பகுதியாகிய த்சுருமியில் அன்று காவல் நிலையத் தலைவராய் இருந்தவர் ஒகாவா த்சுனெகிச்சி. அவர் ஏறக்குறைய முந்நூறு பேரை நிலையத்தில் வைத்துக் காத்தார். வெறிகொண்டு சூழ்ந்த கூட்டத்துக்கு இணங்க மறுத்தார். அங்குள்ள தோசென்ஜி கோயிலில் கொரியர்கள் 1953-இல் அவர்க்கு நினைவுக் கல் நாட்டினர்.

யோகோஹாமாத் துறைமுகத்தையொட்டி யாமஷித்தா பூங்கா உள்ளது. நிலநடுக்க இடிபாடுகளைக் கடலில் கொட்டி மேடாக்கிய நிலத்தில் 1930-இல் திறக்கப்பட்டது அது. அங்கே குவிமாடம் கவிந்த சிறு மண்டபம் ஒன்றைக் கண்டேன். அதனை ‘இந்திய நீர்க்கோபுரம்’ என்று அழைக்கிறார்கள். பட்டு வாணிகத்துக்காக அந்நகரில் வாழ்ந்த இந்தியர் பலரும் அந்நடுக்கத்தில் இன்னலுற்றனர், சிலர் மாண்டனர். பிழைத்தவர்களுக்கு நகரத்தார் உதவினர். அந்நன்றிக்காகவும் மாண்டோர் நினைவுக்காகவும் இந்திய வணிகர் 1939-இல் கட்டிக்கொடுத்த தண்ணீர்ப் பந்தல் அது. ஒரே நகரம், ஒரே கிழமை. அயலாருள் சிலர்க்குக் கொலைக் கத்தியும் சிலர்க்கு உதவிக் கரமும் கிடைத்தன. இரண்டையும் அறியாமல் அந்நகரை அறிந்ததாகச் சொல்ல இயலாது.

டோக்கியோ வானொலி நிலையம் 1925 மார்ச் 22-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. மெய்ச்செய்தி உடனே எட்டியிருந்தால் பொய் அவ்வளவு தொலைவு ஓடியிராது என்ற உணர்வு, அத்தொடக்கத்தை விரைவுபடுத்திய காரணங்களுள் ஒன்று. நண்பர் வீட்டு வாசலில் தொங்கும் பையில், நீருக்கும் உணவுக்கும் அருகே வானொலிக்கு ஏன் இடம் என்பது இப்பொழுது நேயர்களுக்கு விளங்கும். பாட்டியார் பேரனுக்கு விட்டுச்சென்ற அறிவுரை இரண்டு: முதலில் அடுப்பை அணை, பிறகு, கண்ணால் காணாததை எவரிடமும் சொல்லாதே.

ஜப்பானுக்குச் செல்லும் நம்மவர் கோயில்களையும் செர்ரி மலர்களையும் கட்டாயம் காணவேண்டும். அவற்றோடு, தங்கும் இடம் எதுவாயினும், அருகிலுள்ள புகலிடம் எது என்று முதல் நாளிலேயே கேட்டறிய வேண்டும். அக்கேள்வியை அங்கு எவரும் அச்சத்தின் அடையாளமாகக் கொள்வதில்லை. விருந்தினர் தம் ஊரின் இயல்பை அறிந்து வந்திருக்கிறார் என்று மகிழ்ந்து, உடன் நடந்தே வந்து வழிகாட்டுவார்கள்.